பின் சீட்டில் இடமில்லை

அண்ணியின் மொபெட்டில் முன்பக்கம் மீன் பெட்டிக்கு, பின் சீட்டு எனக்கு. வெயிலில் வெடித்து, உப்புப் பூத்து, எத்தனை முறை கழுவினாலும் சங்கரா மீன் வாசனை போகாத சீட்டு அது. ஓரத்தில் ஒரு ரப்பர் கயிறு தொங்கிக்கொண்டிருக்கும். வேர்த்து விறுவிறுத்து அதில் ஏறி உட்கார்ந்து, கடல்காற்று முகத்தில் அடிக்க வீடு திரும்பிய காலைகளை நினைத்தால் இப்போதும் மனம் குளிர்கிறது. அலுவலகச் செலவில் விமானத்தில்கூடப் போயிருக்கிறேன். அதெல்லாம் அந்த சீட்டின் கால்தூசி பெறாது.

செங்கல்பட்டில் படித்த நாட்களில் மாவட்டத்துக்காக ஓடியவள் நான். கல்லூரியில் வலது முழங்கால் மக்கர் செய்ய, விட்டுவிட்டேன். பிறகு கல்யாணம், மகள், கேளம்பாக்கத்தில் கணினி வேலை. நாற்பதை நெருங்கும்போது மாமல்லபுரம் சாலையில் அரை மாரத்தான் நடக்கப்போகிறது என்று அலுவலகத்தில் சொன்னார்கள். முதல் ஆளாகப் பெயர் கொடுத்தேன். பதக்கம் எனக்குப் பெரிதில்லை. நான் இன்னும் ஓடுகிறவள்தானா, அல்லது ஒரு காலத்தில் ஓடியவள் மட்டும்தானா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. கணவருக்கு அப்போது வெளியூர் வேலை. மகளைக் கூட்டிக்கொண்டு, மாமல்லபுரத்துக்குத் தெற்கே எங்கள் குப்பத்தில் இருக்கும் அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அண்ணன் கடலுக்குப் போவான். அண்ணி விடியற்காலையில் மாமல்லபுரம் கரைக்குப் போய் ஏலத்தில் மீன் எடுத்துவந்து, எங்கள் பக்கத்துக் குடியிருப்புகளில் விற்பாள். அவளுக்கும் எனக்கும் ஒரே வயது. பேச்சில் அவளுக்கு ஈடுகொடுக்க எங்கள் வீட்டில் ஆளில்லை. அவள் வண்டியில் கிளம்ப, நான் கரையோரமாக ஓடுவேன். குப்பத்தில் பிறந்தவளுக்கு ஈர மணலைவிட நல்ல தரை எது என்ற திமிர் எனக்கு. வடக்கே ஓடி ஏலம் நடக்கும் இடத்தை அடைவதற்கும் அவள் பெட்டியில் ஐஸ் கொட்டி முடிப்பதற்கும் சரியாக இருக்கும். திரும்பும்போது இருவரும் வண்டியில். ஏலத்தில் யார் யாரை ஏமாற்றினார்கள் என்ற கதையை அவள் சொல்ல, சிரித்துக்கொண்டே வீடு வந்து சேருவோம்.

ஒரு மாதத்தில் பழைய முழங்கால் மறுபடி குடையத் தொடங்கியது. செங்கல்பட்டில் மருத்துவரைப் பார்த்தேன். பெரிய கோளாறு ஒன்றுமில்லை, இந்த வயதில் நடந்தால் போதாதா என்றார் அவர். நல்லெண்ணத்தில்தான் சொன்னார். எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்து, ஓட்டம் வேண்டாம் என்று அண்ணியிடம் சொல்லிவிட்டு, ஷூக்களைக் கழுவி மதில்மேல் கவிழ்த்தேன். அப்போதுதான் கண்ணில் பட்டது. வலது ஷூவின் வெளி ஓரம் மட்டும் தேய்ந்து வழுவழுவென்று இருந்தது. இடதில் அப்படி இல்லை.

காரணம் விளங்கியதும் தலையில் அடித்துக்கொண்டேன். எங்கள் கரை கடலைப் பார்த்துச் சரிந்திருக்கும். வடக்கே ஓடினால் கடல் வலப்பக்கம், வலது கால் பள்ளத்தில். அதே மணலில் தெற்கே திரும்பி ஓடியிருந்தால் இரண்டு கால்களுக்கும் கணக்கு நேராகியிருக்கும். நான் ஒருநாளும் திரும்பி ஓடவில்லையே! மீனோடு மீனாக வண்டியில் வந்துகொண்டிருந்தேன். அண்ணி இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு சீட்டையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வலி அடங்கியபின் மறுபடி ஓடினேன். முதல் நாள் மாமல்லபுரம் கரையை அடைந்தபோது மீன் பெட்டி முன்பக்கம் இல்லை. ரப்பர் கயிற்றால் இறுக்கிக் கட்டப்பட்டுப் பின் சீட்டில் இருந்தது.

“எடம் இல்ல,” என்றாள். “மீன் குந்திகினு கீது. நீ ஓடியா.”

வண்டியைக் கிளப்பிக்கொண்டு போயே விட்டாள். ஈவிரக்கம் இல்லாதவள் என்று வாய்விட்டுத் திட்டிக்கொண்டே பாதி ஓட்டமும் பாதி நடையுமாக வீடு வந்தேன். கதை கேட்காத காலை வெறிச்சென்றுதான் இருந்தது. ஆனால் கடல் இடப்பக்கம் வந்தது. நாளாக நாளாக நடை குறைந்தது. முழங்கால் பிறகு வாய் திறக்கவில்லை.

போட்டியன்று பாதி தூரம் போய்த் திரும்பி ஓடும் வழியில், முடிவுக்குக் கொஞ்ச தூரம் இருக்கையில், கெண்டைக்கால் கல்லாக இறுகியது. நின்றுவிடலாம் என்றே முடிவு செய்துவிட்டேன். அங்கே சாலையோரம் மொபெட்டோடு அண்ணி நின்றிருந்தாள். அன்று அவள் ஏலத்துக்கே போகவில்லை. ஆனாலும் பின் சீட்டில் பெட்டி கட்டியிருந்தது. கிட்டே வந்ததும் எட்டிப் பார்த்தேன். உள்ளே ஒரு மீனும் இல்லை. அவள் ஒன்றும் தெரியாதவள்போல எங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. நிற்காமல் ஓடி முடித்தேன்.

இப்போது நாங்கள் ஊரப்பாக்கத்தில் இருக்கிறோம். போன வாரம் குப்பத்துக்குப் போனேன். பஸ் நிறுத்தத்தில் அண்ணி அதே வண்டியோடு காத்திருந்தாள். பெட்டி முன்பக்கம் இருந்தது. பின் சீட்டை எனக்காக ஈரத்துணியால் துடைத்து வைத்திருந்தாள்.

“ஏறு,” என்றாள்.

என் பையை சீட்டில் வைத்து, ரப்பர் கயிற்றால் இறுக்கிக் கட்டினேன்.

“எடம் இல்ல அண்ணி. நீ போ, நான் ஓடியாறேன்.”