இடப்பக்கத்துச் சோறு

ஃபுசாயேவுக்கு அலுத்துப்போய்விட்டது. எழுபது தாண்டியவள், அலுத்துக்கொள்ள அவளுக்கு உரிமை உண்டு. இந்தத் துறைமுக ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்து, மீனை அரைத்து ஆவியில் வேகவைக்கும் ஆலையில் முதுகு வளையும்வரை நின்றவள். பிள்ளைகள் இல்லை. கணவர் ஷிகேயோ ஊர்ப் பேருந்து ஓட்டியவர். பேச்சு குறைவு, கோபம் வந்தால் அதுவும் கிடையாது. கோபத்தை அவர் சோற்றில்தான் காட்டுவார். சூப்பைக் குடிப்பார், மீனைத் தின்பார், சோற்றுக் கிண்ணத்தை மட்டும் தொடாமல் எழுந்துவிடுவார். அவள் ஆலை வேலைக்குப் போகிறேன் என்று சொன்ன வருடம் இந்தக் கூத்து வெகுநாள் நடந்தது.

போன மழைக்காலத்தில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. மூளையின் வலப்புறத்தில் அடைப்பு என்றார்கள். இடது கையும் காலும் சீக்கிரமே பழையபடி அசைந்ததால், அதிர்ஷ்டக்காரர் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள். வந்த அதிர்ஷ்டக்காரர் முதல் சாப்பாட்டிலேயே சோற்றைத் தொடவில்லை.

அடுத்த வேளையும் தொடவில்லை. புது அரிசி வாங்கிப் பார்த்தாள். சோற்றின்மேல் அவருக்குப் பிடித்த, உப்பில் ஊறிய பிளம் பழத்தை வைத்துப் பார்த்தாள். கிண்ணம் ஆறிக் கிடந்தது. அடுப்படிக்குப் பக்கம் என்பதால் கல்யாணமான நாளிலிருந்து அவருக்கு இடப்பக்கம்தான் அவள் உட்காருவது. அங்கிருந்து, "என்னங்க, உடம்பு எப்படி இருக்கு?" என்று கேட்டால், அவர் முகம் வலப்புறத்து ஜன்னல் பக்கமே திரும்பியிருக்கும். சவரம்கூட வலக்கன்னத்தில் மட்டும்தான். அதையும் அவள் வீம்பு என்றே எடுத்துக்கொண்டாள்.

ஆனால் அவருடைய தங்கை யோஷினோ வந்து ஜன்னலோரம் உட்கார்ந்தால் மனிதர் சிரித்துச் சிரித்துப் பேசுவார். அதைத்தான் ஃபுசாயேவால் தாங்க முடியவில்லை.

"எங்கிட்ட நல்லாத்தானே பேசுறாரு? உங்க கைச் சோறு கசந்துபோச்சோ என்னமோ, அண்ணி," என்றாள் யோஷினோ. அவள் வாய்க்குப் பூட்டு கிடையாது.

"கசந்தா கசக்கட்டும். முதியோர் இல்லத்துல சேத்துடுறேன். அங்க யாரு வெச்சாலும் தின்னுவாரு இல்ல?"

கோபத்தில் சொன்னதல்ல. கோபப்படக்கூட அவளுக்குத் தெம்பில்லை. இல்லத்துக்கு ஃபோன் செய்தாள். இடம் காலியாக இருந்தது. திங்கட்கிழமை அழைத்து வரச் சொன்னார்கள்.

அதற்கு முன், வீடு தேடி வந்து பயிற்சி தரும் மியாவாக்கி என்ற பெண் முதல்முறையாக வந்தாள். முழுக்கச் சின்னச் சின்னக் கோடுகள் போட்ட தாள் ஒன்றை ஷிகேயோவிடம் நீட்டி, எல்லாக் கோட்டையும் பென்சிலால் குறுக்கே அடிக்கச் சொன்னாள். அவர் வலப்பாதியில் உள்ளதை மட்டும் அடித்துவிட்டுப் பென்சிலை வைத்தார்.

"எல்லாத்தையும் அடிச்சிட்டீங்களா, ஐயா?"

"எல்லாந்தான். வேற எங்க இருக்கு?"

"பாத்தீங்களா? உங்ககிட்டயும் அதே வீம்பு," என்றாள் ஃபுசாயே.

"வீம்பில்லம்மா. கண்ணு நல்லாத்தான் இருக்கு. இடப்பக்கம்னு ஒண்ணு இருக்கிறதே அவர் மூளைக்குத் தோணமாட்டேங்குது. இல்லாத பக்கத்தை யாரு தேடுவா? ஆமா, சோத்தை எந்தப் பக்கம் வைப்பீங்க?"

"இதென்ன கேள்வி? சோறு இடப்பக்கம், சூப்பு வலப்பக்கம். எல்லா வீட்டுலயும் வைக்கிறாப்பலதான்."

மத்தியானச் சாப்பாடு மேசைக்கு வந்தபோது மியாவாக்கி தட்டை அப்படியே சுற்றித் திருப்பினாள். சோறு வலப்பக்கம் போனது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த யோஷினோ அலறினாள்: "ஐயையோ, செத்தவங்களுக்குப் படைக்கிற மாதிரி சோத்தை வலப்பக்கம் மாத்தி வெக்கிறாளே! எங்கண்ணன் உசுரோடதான் இருக்காரு!"

உசுரோடு இருந்த அண்ணன் கிண்ணத்தை எடுத்துச் சாப்பிட ஆரம்பித்தார். வேகவேகமாக, பசித்தவர் சாப்பிடுவதுபோல. "அப்பாடா, இந்த வீட்டுல இன்னிக்காவது சோறு போட்டாங்களே," என்றார்.

ஃபுசாயே எழுந்து சுற்றிப் போய் அவருக்கு வலப்பக்கம் உட்கார்ந்தாள். அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்.

"உக்கார இன்னிக்குத்தான் உனக்கு நேரம் கிடைச்சுதா? தினம் தட்டை வெச்சிட்டு எங்க போயிடுற நீ? தனியா தின்னா எறங்குதா?"

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நான் எங்கேயும் போகவில்லை, ஒரு முழம் தள்ளித்தான் இருந்தேன் என்று எப்படிச் சொல்வது? சொன்னாலும் அவர் நம்பப்போவதில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு போய் இல்லத்துக்கு ஃபோன் செய்து, வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

"ஆனா இனிமே நீங்க இந்தப் பக்கமே உக்காரக் கூடாதும்மா," என்றாள் மியாவாக்கி. "பழைய எடத்துலயே உக்காந்து கூப்பிடுங்க, அப்பத்தான் அவர் மூளை அந்தப் பக்கத்தைத் தேடப் பழகும். அவர் திரும்புற வரைக்கும் கூப்பிடணும். மாசக் கணக்குல ஆகலாம். முழுசாத் திரும்பாமலும் போகலாம்."

ஃபுசாயே வலித்த முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். அடுப்படி ஓரத்துத் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தாள்.

ஷிகேயோ ஜன்னல் பக்கம் பார்த்து, "பாத்தியா யோஷினோ? உங்க அண்ணி மறுபடியும் எழுந்து போயிட்டா," என்றார்.

ஃபுசாயே அவருடைய இடத்தோளில் கையை வைத்தாள்.

"என்னங்க," என்றாள். அவர் திரும்பவில்லை. "என்னங்க, இங்கதான் இருக்கேன்."