வெளுக்க வைத்த போட்டோ

என் பேத்தி மோகனப்பிரியா தன் போட்டோவைத் தானே வெளுப்பாக்கி மாப்பிள்ளை வீட்டை ஏமாற்றினாள் என்று வலங்கைமான் பக்கம் இன்னும் பேசுகிறார்கள். அது பொய். நடந்ததைச் சொல்கிறேன்.

நிறத்தில் அவள் என்னைக் கொண்டு பிறந்தவள், நல்ல கறுப்பு. படிப்பில் கெட்டி. பெங்களூரில் வானத்தை ஆராய்கிற இடத்தில் வேலை. விண்வெளியில் நிற்கும் தொலைநோக்கி அனுப்புகிற படங்களுக்கு நிறம் கொடுப்பது அவள் பொறுப்பு.

பொங்கலுக்கு வந்தபோது லேப்டாப்பில் காட்டினாள். சாம்பல் பூசினாற்போல் சில படங்கள். அகச்சிவப்பு ஒளியாம், நம் கண்ணுக்கு எட்டாது. அடுப்பை அணைத்த பிறகும் தோசைக்கல்லில் சூடு இருக்கிறதே, கண்ணுக்கா தெரிகிறது? அந்த மாதிரி. அதிலும் நீள அலை, குட்டை அலை என்று தினுசு உண்டாம். தினுசுக்கு ஒரு படம். நீளத்துக்குச் சிவப்பு, நடுவுக்குப் பச்சை, குட்டைக்கு நீலம் என்று கொடுத்து ஒன்றன்மேல் ஒன்று வைத்தாள். தூசி மேகத்துக்குள்ளே புது நட்சத்திரங்கள் கொட்டிக் கிடந்தன.

"நீயா அடிக்கிற கலர்தானேடி? ஏமாத்து வேலைதானே?"

"இல்ல அப்பாயி. அலையோட வரிசையை மாத்த மாட்டோம். எதுக்கு எந்தக் கலர்னு படத்துக்குக் கீழயே எழுதிப் போட்டுடுவோம்."

அந்தத் தையில் குத்தாலத்திலிருந்து வரன் வந்தது. பையன் பரிதியிடம் போனில் பேசியதில் இவளுக்குப் பிடித்துப்போனது. இவளுக்குத் தெரியாமல் இவள் அப்பன், என் மகன் துரைராசு, ஸ்டுடியோவுக்குப் போய், "கொஞ்சம் வெளுப்பா ஆக்கிக் குடு தம்பி" என்று வாங்கி அனுப்பிவிட்டான்.

பெண் பார்க்க வந்த அன்று பரிதியின் அம்மா தங்கம்மாள் தன் போனையும் இவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஏம்மா, இதுல இருக்கறது உன் தங்கச்சியா?"

எட்டிப் பார்த்தவளுக்கு முகம் செத்துப்போனது. "இத நான் அனுப்பலைங்க."

"நட்சத்திரத்துக்கே கலர் அடிக்கிற பொண்ணு. தன் மூஞ்சிக்கு அடிக்கத் தெரியாதா?"

வந்தவர்கள் சிரித்தார்கள். பரிதியும் சிரித்தான்.

"அப்பா, நீங்க சொல்லுங்கப்பா."

துரைராசு தலை நிமிரவில்லை. "காப்பி ஆறுதுங்க, எடுத்துக்குங்க" என்றான்.

என்னால் பொறுக்க முடியவில்லை. "இவன்தாங்க செஞ்சான், அந்தப் புள்ளைக்கு ஒண்ணும் தெரியாது" என்றேன்.

"பேத்திய விட்டுக்குடுப்பீங்களா நீங்க?" என்று தங்கம்மாள் எழுந்துவிட்டாள்.

அவர்கள் கார் தெருமுனை தாண்டியதும், "ஒனக்காகத்தானேம்மா செஞ்சேன்" என்று துரைராசு மகளிடம் அழுதான்.

"எனக்காகன்னா அவங்க இருக்கும்போது வாயத் தொறந்திருக்கலாம்ல?" என்றாள். சாயங்காலமே பஸ் ஏறிவிட்டாள்.

இப்போது அவளிடமிருந்து போன் வந்தால் எனக்கு மட்டும்தான். அவன் பக்கத்தில் வந்து நின்று, "என்னைக் கேட்டாளா?" என்பான். இல்லை என்பேன். குத்தாலம் போய் உண்மையைச் சொல்லிவிட்டு வா, அப்புறம் அவளிடம் நானே பேசுகிறேன் என்றால், "முடிஞ்சுபோனத எதுக்கும்மா கெளறணும்?" என்கிறான்.

கடைத்தெருவில் இன்னும் சிரிக்கிறார்கள். அவனுக்கு மட்டும் முடிந்துவிட்டது.