முள் அசையாத பெட்டி

தையல்கடைக்காரர் வாயில் எப்போதும் நாலு குண்டூசி இருக்கும். பேசாமலிருக்க நல்ல சாக்கு. அமெச்சூர் ரேடியோ உரிமம் வாங்கி இருபது வருடமாகியும் அந்தப் பேச்சுக் கஞ்சத்தனம் போகவில்லை. ஞாயிறு காலை பத்து மணிக்கு, ஒரு பகல் ரயில் தூரத்திலிருந்து அக்கா ரேடியோவில் அரைமணி நேரம் மூச்சுவிடாமல் பேசுவாள். இவர் தந்தி அடிக்கும் மோர்ஸ் சாவியில் 'ஆர்' என்று ஒரே எழுத்தைத் தட்டுவார். 'கேட்டது' என்று அர்த்தம்.

இந்த ஞாயிறு அப்படியில்லை. மறுநாள் அக்காவுக்குத் தொண்டையில் ஆபரேஷன். அதன்பின் குரல் இருக்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"ஃபோன் எதுக்கு இருக்கு?" என்றாள் மனைவி.

"ஃபோன்னா நல்லா இருக்கியான்னு கேட்டு வச்சிடுவா. ரேடியோலதான் பேசுவா."

பால்கனியிலிருந்து எதிர்வீட்டுத் தண்ணீர்த்தொட்டிவரை இழுத்த இருபது மீட்டர் கம்பிதான் ஆண்டெனா. ஒரு நுனியில் இணைக்கும் கம்பிக்கும் ரேடியோ கேபிளுக்கும் ஒத்தே போகாது. நடுவில் சமாதானம் பண்ண, பால்கனியில் ஒரு பெட்டி வேண்டும். உள்ளே ஃபெரைட் என்ற காந்தப்பொருள் வளையம், அதில் சுற்றிய செம்புக்கம்பி. அனுப்பும் சக்தியில் எவ்வளவு திரும்பிவருகிறது என்று மீட்டர் காட்டும். முள் ஒன்றில் நின்றால் எதுவும் திரும்பவில்லை. இவர் பெட்டிக்கு எப்போதும் இரண்டுதான்; கொஞ்சம் திரும்பிவரும்.

கால் அங்குலம் பிசகினால் சட்டையையே பிரிக்கிற மனுஷர். இந்த ஒருநாளாவது குறையில்லாமல் இருக்கட்டும் என்று, சனிக்கிழமை உட்கார்ந்து பழைய கம்ப்யூட்டரில் கழற்றிய வளையத்தில் புதுப்பெட்டி செய்தார். முள் ஒன்றில் ஒட்டிக்கொண்டது. சந்தோஷத்தில் அவருக்குத் தலைகால் புரியவில்லை.

பத்து மணிக்கு அக்கா கரகரவென்று வந்தாள். "தம்பி, இருக்கியா?"

தட்டினார்.

"தம்பி, கேக்குதா?"

மறுபடி தட்டினார். கால்மணி நேரம் அவள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். மனைவி ஃபோன் போட்டாள். அக்கா ரேடியோ அறைக்கு ஃபோனை எடுத்துப்போனதே கிடையாது. மிச்சமிருந்த குரல் இவர் காதுபடவே தீர்ந்துகொண்டிருந்தது. முள் ஒன்றை விட்டு அசையவில்லை.

துணி எடுக்கப் பால்கனிக்குப் போன மனைவி கத்தினாள்: "என்னங்க, இந்தப் பெட்டி இஸ்திரிப்பெட்டி கணக்கா கொதிக்குது!"

அப்போதுதான் உறைத்தது. வளையம் வேறு ரகம். அனுப்பிய சக்தியெல்லாம் அதற்குள்ளேயே சூடாகிப் போயிருக்கிறது. திரும்பிவர என்ன மிச்சம்? கேட்பதற்கு மட்டும் அந்தப் பெட்டி போதுமாயிருந்தது. பித்தான் டப்பாவில் கிடந்த பழைய பெட்டியை எடுத்து மாட்டினார். முள் இரண்டுக்குப் போனது. தட்டினார்.

"வந்துட்டியா..." அதற்குமேல் காற்றுதான் வந்தது. அப்புறம் ஒவ்வொரு சொல்லாக: "நீ பேசுடா. வாயால பேசு."

ஊசிகளை உள்ளங்கையில் துப்பினார். மைக்கைத் தேடி எடுக்க வேண்டியிருந்தது. பயமாக இருந்தது.

"அக்கா, ஒரு முட்டாள்தனம் பண்ணிட்டேன்" என்று வளையத்திலிருந்து ஆரம்பித்தார். கடைக்குப் போய், புதுக்கண்ணாடிக்குப் போய், மூன்று நாளாகத் தூக்கமில்லை என்பதில் வந்து நின்றார். மூச்சு வாங்க நிறுத்தியபோதெல்லாம் அந்தப் பக்கம் சாவி தட்டும் சத்தம் கேட்டது.

ஆர்.