ஒடெல்லாவின் அறுநூற்று மூன்று

ஒடெல்லா கிரிக்ஸ் அமெரிக்காவில் ஆக்ரன் நகரத்தில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். பத்தொன்பது வருஷமாக ஓட்டுகிறாள். வண்டியில் ஒரு கீறல் கிடையாது. வாய்தான் கொஞ்சம் கீறும்.

அவள் வண்டியில் ஒரு சட்டம் மலையைப் போல அசையாது. ஒரு பிள்ளை தன் நிறுத்தத்தை விட்டு வேறு நிறுத்தத்தில் இறங்க வேண்டுமென்றால், பெற்றவர்கள் எழுதிக் கையெழுத்துப் போட்ட சீட்டு வேண்டும். ஒருமுறை ஒரு தாயே மழையில் நனைந்துகொண்டு, "நான்தானே அவ அம்மா, இறக்கி விடுங்க" என்று கெஞ்சியபோதும், "எழுதிக் குடுங்க, இறக்கறேன்" என்று சொன்னவள். அந்தத் தாய் ஈரக் காகிதத்தில் எழுதிக் கொடுத்துத்தான் பெண்ணை அழைத்துப் போனாள்.

அப்படிப்பட்டவளுக்கு மார்ச் மாதத்தில் ஒரு சோதனை வந்தது. பதினோரு வருஷமாக அவள் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர் நோவாக், மகனோடு இருக்க ஃபுளோரிடாவுக்குப் போவதாகச் சொன்னார்.

"வீட்ட விக்கப் போறேன் ஒடெல்லா. எண்பத்து நாலாயிரம் டாலர். மொதல்ல உங்களுக்குத்தான். ஜூன் முடியறதுக்குள்ள பேங்க்ல கடன் தர்றேன்னு ஒரு கடுதாசி வாங்கிட்டு வாங்க. இல்லன்னா வாசல்ல போர்டு நட்டுடுவேன்."

வங்கியில் பிரிசில்லா என்ற பெண் வாங்கிய கடனை ஒழுங்காகக் கட்டுகிறவளா என்று மதிப்பெண் போடும் அவளுடைய கிரெடிட் ரிப்போர்ட்டைத் திறந்தாள். ஸ்கோர் அறுநூற்று மூன்று. வீட்டுக் கடனுக்கு அறுநூற்று இருபது வேண்டும். இடையில் நிற்பவை இரண்டு பழைய கடன்கள். ஒன்று முந்நூற்றுப் பத்து டாலர் தொலைபேசி பாக்கி. இன்னொன்று இரண்டாயிரத்து முந்நூற்று நாற்பது, தவணையில் வாங்கிய சோபாவுக்கு. சோபா போனது விட்டுப்போன புருஷனோடு, தவணை நின்றது இவளோடு.

ஒடெல்லாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அன்று சாயங்காலமே தொலைபேசி பாக்கியை, ஒரு டாலர் குறையாமல், போனிலேயே கட்டித் தீர்த்தாள். ஒரு மாதம் கழித்து, மார்க் வாங்கப் போகும் பிள்ளை போல வங்கிக்குப் போனாள்.

"அறுநூத்தி மூணு" என்றாள் பிரிசில்லா.

"அது பழசு. புதுசச் சொல்லும்மா."

"புதுசுதான். 'கட்டியாச்சு'ன்னு மாத்திருக்காங்க. ஆனா அந்த வரி அங்கயேதான் இருக்கு. எங்க பேங்க் பாக்கற ஸ்கோர்ல கட்டின பாக்கியும் கறைதான். ஏழு வருஷம் ஆனாத்தான் தானா போகும். பணம் குடுத்தா அந்த வரிய எடுத்துடறோம்னு எழுதி வாங்கினீங்களா?"

ஒடெல்லா நெற்றியில் அடித்துக்கொண்டாள். ஊர்ப் பிள்ளைகளிடமெல்லாம் சீட்டுக் கேட்கிறவள், தன் பணத்துக்குச் சீட்டுக் கேட்கவில்லை! கதையைக் கேட்ட எனக்குச் சிரிப்புதான் வந்தது. அவளுக்கும் வீடு போய்ச் சேர்வதற்குள் வந்திருக்கும்.

சோபாக் கடனைக் கடைக்காரர்கள் என்றோ ஒரு வசூல் கம்பெனிக்கு விற்றுவிட்டார்கள். அங்கே கெஸ்லர் என்றொருவர். போனில் பேசினால் தேன் ஒழுகும்.

"இன்னைக்கு மட்டும் ஒரு சலுகைம்மா. ஆயிரத்து நானூறு கட்டுங்க, முடிச்சுக்கலாம்."

"ரிப்போர்ட்லேர்ந்து எடுத்துடறோம்னு எழுதிக் குடுங்க, கட்டறேன்."

"எதுக்கும்மா எழுத்து? நாம பேசறது எல்லாம் ரெக்கார்ட் ஆகுதே."

"என் பஸ்லயும் கேமரா இருக்கு சார். இருந்தாலும் சீட்டு கேக்கறேன்."

அந்த "இன்னைக்கு மட்டும்" மறுநாளும் வந்தது. அடுத்த வாரமும் வந்தது. விடாக்கண்டன் கொடாக்கண்டன் கதைதான். அவர் ஆயிரத்து இருநூறுக்கு இறங்கினார், இவள் சீட்டு என்றாள். ஆயிரம் என்றார், சீட்டு என்றாள். வழக்குப் போடுவோம் என்றார்.  "வழக்கையும் எழுத்துலதான சார் போடணும்?" என்று கேட்டாள்.

பாதிக்கும் குறைவாகக் கொடுப்பது ஏமாற்றுவது போலிருக்கிறதே என்று பிரிசில்லாவிடம் புலம்பியும் பார்த்தாள்.

"அவங்க அத நூறு டாலருக்குக்கூட வாங்கிருக்க மாட்டாங்க. எரியற வீட்டுல புடுங்கினது லாபம்னு இருக்கறவங்க. கவலப்படாதீங்க."

ஜூன் ஒன்பதாம் தேதி கடிதம் வந்தது. தொள்ளாயிரம் டாலர் பெற்றுக்கொண்டு கணக்கை முடிப்போம், ரிப்போர்ட்டிலிருந்து அந்த வரியை நீக்கச் சொல்வோம் என்று கெஸ்லர் கையெழுத்துப் போட்டிருந்தார். அன்றே பணத்தை அனுப்பிவிட்டுக் காத்திருந்தாள். நோவாக்கின் வண்டியில் விற்பனைப் போர்டு ஏறிவிட்டிருந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை.

இருபத்தெட்டாம் தேதி டிப்போவில் பஸ்ஸுக்குள் உட்கார்ந்திருந்தபோது பிரிசில்லா கூப்பிட்டாள்.

"அறுநூத்தி முப்பத்தி நாலு, ஒடெல்லா! கடுதாசி ரெடி. முப்பது வருஷக் கடன்."

ஒடெல்லா ஸ்டியரிங்கில் தலை வைத்து அழுதாள். பிறகு அழுகைக்கு நடுவிலேயே சிரித்தாள். "பழைய கடன அடைச்சதுக்குப் பரிசு, முப்பது வருஷப் புதுக் கடனா? நல்ல ஊரும்மா இது!"

ஜூலையில் பத்திரம் முடிந்தது. நோவாக் ஊரைவிட்டுக் கிளம்பும்முன், ஆகஸ்ட் முதல் தேதி, வாடகை வாங்க வரும் பழக்கத்தில் டோனட் பொட்டலத்தோடு வந்து நின்றார். ஒடெல்லா காபி ஊற்றினாள். சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. பழக்கதோஷம், அவள் இடுப்பில் கை வைத்துவிட்டாள்.

"மூணு மாசமாச் சொல்லிட்டிருக்கேன் மிஸ்டர் நோவாக், அந்தக் குழாயப் பாருங்கன்னு. எப்பதான் சரி பண்ணுவீங்க?"

நோவாக் நிதானமாக டோனட்டைக் கடித்தார்.

"வீட்டுக்காரங்ககிட்ட சொல்லுங்க."

ஒடெல்லா இடுப்பிலிருந்து கையை எடுத்தாள். பிறகு ஸ்பானர் எங்கே இருக்கிறது என்று அவரிடமே கேட்டாள்.