நான்காவது தட்டல்

ஒருவர் உள்ளே வந்துவிட்டார் என்பதை எதை வைத்துத் தெரிந்துகொள்கிறோம்? கண்ணால் பார்த்தால் போதாதா என்று தோன்றும். கண் தெரியாதவர்களும் காது கேளாதவர்களும் மற்றவர்களும் ஒன்றாக ஆடும் கூடத்தில் பதினொரு வருடம் வேலை பார்த்தவருக்கு அந்தப் பதில் போதவில்லை. ஒருவர் போய்விட்டார் என்பதை எதை வைத்து அறிவது என்ற அடுத்த கேள்வி அவரிடம் தாமதமாகத்தான் வந்தது. வந்த பிறகு விடவில்லை.

அவரை எல்லோரும் தட்டக்கா என்று அழைத்தார்கள். காது கேளாத பிள்ளைகள் கைமுட்டியால் உள்ளங்கையை இரண்டு முறை இடித்துக் காட்டினால் அது அவர் பெயர். மரத்தளம் போடுவது அவர் தொழில். பழைய கிடங்கு ஒன்றை இளைஞர்களுக்கான நடனப் பயிற்சிக் கூடமாக மாற்றியபோது தளம் போட வந்தார். மரச்சட்டங்களுக்கு அடியில் ரப்பர் வில்லைகள் வைத்து, மேலே பலகை அடித்து, இருபது நாளில் முடித்தார். ஒரு சட்டம் மட்டும் கூடத்தின் இந்த மூலையிலிருந்து எதிர் மூலைவரை குறுக்காக ஓடியது. அதன் முனையில் கோலால் தட்டினால் தரை முழுவதும் உள்ளங்கைக்குத் தெரியும். அதைக் கண்டுபிடித்த நடன டீச்சர் அவரைப் போகவிடவில்லை.

"தரையைப் போட்டோமா, வந்தோமான்னு இல்லாம அங்கயே வேர் விட்டுட்டா" என்பார் தையல்காரரான அவர் கணவர்.

வேலை சொல்வதற்கு எளிது. ஆடப் போகிறவர்கள் ஓரத்தில் உட்கார்ந்து தரையில் உள்ளங்கையை வைத்திருப்பார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு தட்டல். தன் தட்டல் வந்ததும் உள்ளே போக வேண்டும். அதே தட்டலைத் தலைகீழாகத் தட்டினால் வெளியே வர வேண்டும். வெளியே வரும் தட்டல் தெரியும்வரை அந்த ஆள் தரைமேல் இருப்பதாகவே மற்றவர்கள் கொள்ள வேண்டும்; இல்லாவிட்டால் பார்க்க முடியாதவன் கேட்க முடியாதவள் மேல் மோதுவான். எனவே அங்கே ஒரு கண்டிப்பான வழக்கம் இருந்தது. தட்டி அழைத்தவரைத் தட்டி அனுப்பாமல் யாரும் எழுந்து போகக் கூடாது.

தட்டக்காவின் கையில் பிசகு அபூர்வம். அதைத் திறமை என்று சொல்வதைவிடக் கவனம் என்று சொல்வது சரியாக இருக்கும்.

எட்டுப் பேர் கொண்ட குழு ஒன்று இருந்தது. அதில் நான்காவதாக உள்ளே வருபவளுக்குப் பைலட் என்று பட்டப்பெயர். பத்தொன்பது வயது, சக்கர நாற்காலி. அவளுடைய தட்டல் இரண்டு குட்டித் தட்டும் ஓர் இழுப்பும். இழுப்புக்குக் கோலின் முனையைப் பலகைமேல் உரசி இழுக்க வேண்டும். அவள் மூலையிலிருந்து மூலைக்குக் குறுக்காக வருவாள், எல்லோரும் இரு பக்கமும் ஒதுங்குவார்கள். இடது சக்கரம் எப்போதும் கீச்சிடும்.

"முதல்ல அந்தச் சக்கரத்துக்கு எண்ணெய் போடு. உள்ள எலி குடும்பம் நடத்துது" என்பார் தட்டக்கா.

"போட்டா வக்கீலுக்கு எப்படிக்கா தெரியும்? என் மடியில வந்து உக்காருவான்."

வக்கீல் அந்தக் குழுவில் கண் தெரியாதவன். எதற்கும் எதிர்வாதம் வைத்திருப்பான். "உக்காந்தா என்ன, நீ பிரேக் போட மாட்டியா?" என்பான்.

மழை விடுமுறையில் பைலட்டுக்குக் காய்ச்சல் வந்தது. ஒன்பதாம் நாள் இறந்துபோனாள்.

கூடம் மீண்டும் திறந்தபோது தேர்வுக்கு மூன்று வாரம் இருந்தது. நடன ஆசிரியர்களுக்கான இரண்டு வருடப் பயிற்சிக்கு அந்தக் குழுவை மொத்தமாக எடுப்பதா வேண்டாமா என்று பார்க்க மூன்று பேர் வருவார்கள். தேறினால் எல்லோருக்கும் இடம். தவறினால் யாருக்கும் இல்லை. குழுவில் காது கேளாதவளான மின்னலை வேறு எந்த நடனப் பள்ளியும் வாசல் தாண்ட விட்டதில்லை. அவளுக்கு இது ஒன்றுதான் வழி. டீச்சர் எட்டை ஏழாக்கி ஆட்டத்தை மாற்றி அமைத்தார்.

முதல் நாள் மதியம் மூன்று மணி. ஒன்று, இரண்டு, மூன்று பேரைத் தட்டக்கா உள்ளே அழைத்தார். நான்காவதாகப் புதிய வரிசைப்படி மின்னலை அழைக்க வேண்டும். கை பழகிய வழியில் போயிற்று. இரண்டு குட்டி, ஓர் இழுப்பு.

தரையில் இருந்த மூவரும் சட்டென்று இரு பக்கமும் ஒதுங்கினார்கள். வக்கீல் முகத்தை மூலையிலிருந்து மூலைக்கு மெல்லத் திருப்பினான், எதையோ பின்தொடர்வதுபோல.

"யாரு எண்ணெய் போட்டது?" என்றான்.

உள்ளங்கையைத் தரையிலிருந்து எடுக்காமலே மின்னல் மற்றக் கையால் பாரம் போவதைக் காட்டினாள். கனமாக, உருண்டு, மெதுவாக.

"போதும், நிறுத்துங்க. எல்லாரும் வீட்டுக்குப் போங்க" என்றார் டீச்சர். அவர் அழுதுகொண்டிருந்தார். எல்லோரும் எழுந்து போனார்கள். வெளியே வரும் தட்டல் எதுவும் தட்டப்படாமல் வகுப்பு முடிந்தது பதினொரு வருடத்தில் அன்றுதான்.

அடுத்த வகுப்பிலிருந்து பைலட்டின் தட்டலைத் தட்டக்கா தட்டவே இல்லை. இருந்தும் மின்னல் ஆட்டத்தின் நடுவே சட்டென்று நின்றுவிடுவாள். ஒரு நாள் ஜன்னல் பக்கம், ஒரு நாள் நட்ட நடுவில். கேட்டபோது இரண்டு விரலால் தரையைச் சுட்டினாள். ஆள் இருக்கிறது என்று அதற்கு அர்த்தம்.

"சும்மா சாக்கு சொல்லாதே. இடம் காலியா கிடக்கு, கண்ணு தெரியலயா?" என்று டீச்சர் சைகை காட்டியபடியே வாய்விட்டும் கடிந்தார்.

"எனக்குத் தெரியல டீச்சர். ஆனா அவ சொல்றது சரி" என்றான் வக்கீல்.

"மழைக்கால மரம்டா. ஈரத்துல அசையும்" என்றார் தட்டக்கா. அவர் அதை நம்பத்தான் விரும்பினார். ஒரு காலையில் தனியாக வந்து, குறுக்குச் சட்டத்தின் வழியே பலகைகளின் திருகாணிகளைக் கழற்றித் தூக்கிப் பார்த்தார். விடுமுறையில்தான் வில்லைகளை எல்லாம் புதிதாக மாற்றியிருந்தார். மற்ற இடங்களில் அவை வைத்தபடி புடைத்து இருந்தன. மூலையிலிருந்து மூலைக்கு ஒரு பாதையில் மட்டும், இரு சக்கர அகலத்துக்கு, தட்டையாக நசுங்கிக் கிடந்தன.

கணவரிடம் மட்டும் சொன்னார். "புது ரப்பர். ஒரு மாசம்கூட ஆகல. பத்து வருஷம் உருட்டின மாதிரி இருக்கு."

"மட்டமான சரக்கா இருக்கும்."

"எல்லாம் ஒரே பெட்டியில வந்ததுங்க."

கணவர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே இருந்தார். வெகுநேரம் நூல் உள்ளே போகவில்லை.

தேர்வுக்கு முந்திய நாள் மதியம் பைலட்டின் அம்மா கூடத்துக்கு வந்தார். மகளுடைய நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார். அது கீச்சிடவில்லை.

"இதை நீங்களே வச்சுக்கோங்கம்மா. என்னால வீட்ல வச்சுக்க முடியல."

"ஏன்மா?"

"பிரேக் போட்டுத்தான் வைக்கிறேன். வகுப்பு நாள்ல மட்டும் கழண்டு கிடக்கு. அஞ்சு மணிக்கு வகுப்பு முடியுமில்ல, அதுவரைக்கும் தொட்டா சக்கரம் சூடா இருக்கு." அவர் குரல் நிதானமாகத்தான் இருந்தது. "பிள்ளைங்க சொன்னாங்க. நீங்க தட்டிக் கூப்பிட்டீங்களாம். அனுப்பலையாம். அனுப்பிடுங்கம்மா. நீங்க கூப்பிட்டா வருவா, உங்களுக்குத் தெரியும். நீங்க சொல்லாமப் போகவும் மாட்டா."

தட்டக்கா நாற்காலியை மூலையில் நிறுத்தி, பிரேக்கை இறுக்கிப் போட்டார். பிறகு தலையாட்டினார். நாளை ஆட்டம் தொடங்கும் முன்னால் அந்தத் தட்டலைத் தலைகீழாகத் தட்டிவிடுவது என்று டீச்சரும் அவரும் பேசி முடித்தார்கள். தரை காலியானால் மின்னல் நிற்க மாட்டாள். ஏழு பேரும் தேறுவார்கள்.

மறுநாள் மூன்று பேர் வந்து சுவரோரம் உட்கார்ந்தார்கள். பைலட்டின் அம்மாவும் வந்து நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். ஏழு பேரும் உள்ளங்கையைத் தரையில் வைத்தார்கள். தட்டக்கா கோலை எடுத்தார். முனையைப் பலகைமேல் சாய்த்தார். அனுப்பும் தட்டலை இழுப்பில்தான் தொடங்க வேண்டும். ஏழு முகங்களைப் பார்த்தார். கோலை நிமிர்த்தி, முதல் ஆளின் தட்டலைத் தட்டினார்.

டீச்சரின் முகம் வெளிறியது. ஒன்று. இரண்டு. மூன்று. நான்காவதாக இரண்டு குட்டி, ஓர் இழுப்பு.

தரைமேல் இருந்தவர்கள் ஒதுங்கினார்கள். அந்தப் பாதை மூலைமுதல் மூலைவரை திறந்து, எட்டு எண்ணும் நேரம் வெறுமையாகக் கிடந்து, பின்னாலிருந்து மெல்ல மூடியது. வக்கீலின் முகம் பழையபடி திரும்பியது. இந்த முறை அவன் சிரித்தான். அதற்குப் பிறகு மின்னல் எங்கேயும் நிற்கவில்லை. எட்டுப் பேருக்கான பழைய ஆட்டத்தை ஏழு பேரும் ஒரு பிசகும் இல்லாமல் ஆடினார்கள். நன்றாக இருந்தது என்று சொன்னால் மிகையில்லை.

வந்தவர்களில் மூத்தவர் கேட்டார்: "நடுவுல ஒண்ணும் இல்லாத இடத்துக்கு எல்லாரும் ஒரே நேரத்துல வழி விட்டாங்களே. அதை யார் சொல்லிக் கொடுத்தது?"

"யாரும் சொல்லிக் கொடுக்கலைங்க" என்றார் டீச்சர்.

ஏழு பேருக்கும் இடம் என்று அவர் அங்கேயே சொல்லிவிட்டார். ஆனால் யாரும் எழுந்திருக்கவில்லை. வெளியே வரும் தட்டல்கள் பாக்கி இருந்தன. தட்டக்கா ஒவ்வொருவராக அனுப்பினார். முதல் ஆள், இரண்டாம் ஆள், மூன்றாம் ஆள். நான்காவது இடத்தைத் தாண்டி அடுத்தவரை அனுப்பினார். கடைசியாக மின்னல் வந்து ஓரத்தில் உட்கார்ந்து, உள்ளங்கையைத் தரையில் பதித்துக் காத்திருந்தாள். எல்லோரும் காத்திருந்தார்கள். அம்மா கோலையே பார்த்தார்.

தட்டக்கா கோலின் முனையைப் பலகைமேல் சாய்த்தார். அப்படியே சற்று நேரம் பிடித்திருந்தார். பிறகு அதைச் சத்தம் வராமல் தூக்கி, சுவரில் சாய்த்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

ஏன் அனுப்பவில்லை என்று டீச்சர் கேட்டிருக்கிறார், கணவர் கேட்டிருக்கிறார், வக்கீல் பலமுறை குறுக்கு விசாரணை செய்திருக்கிறான். அவர் சொன்னதில்லை. பைலட்டின் அம்மா மட்டும் கேட்கவில்லை. வகுப்பு நாள்களில் மூன்று மணிக்கு வந்து, மூலையில் இருக்கும் நாற்காலியின் சக்கரத்தில் கை வைத்தபடி ஐந்து மணிவரை உட்கார்ந்திருப்பார். அதன் பிரேக்கைத் தட்டக்கா பிறகு ஒருநாளும் போடவில்லை.