நாலு விரல் தளர்வு

சூளையில் செங்கல் வண்டி இழுக்கும் கோவேறு கழுதைகள் பெரியப்பாவுடையவை. அவற்றின் எடை மட்டும் பெரியம்மாவுடையது. கால்நடை மருத்துவர் கொடுத்த நாடாவை முன்னங்கால்களுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றிப் பிடித்தால், அதில் அச்சிட்டிருக்கும் கிலோவை வாசித்துவிடலாம். எடை தெரியாமல் மருத்துவர் மருந்தைத் தொடமாட்டார். "அம்மாவைக் கூப்பிடுங்க" என்பார். அந்த ஒரு வார்த்தைக்காகவே, அவர் வரும் நாளில் பெரியம்மா நல்ல உடுப்பாக எடுத்து உடுத்துவாள்.

பிறகு சித்தப்பாவுக்குக் கல்யாணமானது. சித்தி மாட்டுத் தரகர் மகள். வந்த வாரமே கொட்டில் வாசலில் நின்றபடி, கண்ணால் பார்த்தே ஒவ்வொரு கழுதைக்கும் எடை சொன்னாள். பெரியப்பா வேடிக்கையாக நாடா வைத்துப் பார்த்தார். அநேகமாக எல்லாமே சரி. நாடாவுக்கு வேலை போய்விட்டது என்று சோற்றில் கை வைக்கும்போதுகூடச் சொல்லிச் சிரித்தார். அதற்குப் பின் பெரியம்மாவுக்குச் சித்தி மடித்த துணி கோணலாகத் தெரிந்தது; அவள் பெருக்கிய இடத்தில் தூசி தெரிந்தது.

கறுப்பி என்ற கழுதைக்குச் சொத்தைப் பல் பிடுங்க வேண்டி வந்தது. மயக்க ஊசி போட மருத்துவர் வந்தார். பெரியம்மா நாடாவோடு வருவதற்குள் பெரியப்பா முந்திக்கொண்டு சித்தியைக் கேட்டார். அவள் தயங்கி, முந்நூற்றுப் பத்து இருக்கும் என்றாள்.

பெரியம்மா நாடாவைச் சுற்றினாள். முந்நூற்றுப் பத்து. கோடு பிசகவில்லை. அவள் கை தானாகத் தளர்ந்தது; நாடா தொய்ந்து கோடு நகர்ந்தது.

"முந்நூத்தி அம்பது" என்றாள்.

மருத்துவர் தலையாட்டிவிட்டு மருந்தை ஊசிக்குள் இழுத்தார். பக்கத்துச் சூளையில் மயக்க மருந்து கூடிப்போய் விழுந்த கழுதை எழுந்திருக்கவே இல்லை. அதைப் பெரியம்மாவும் போய்ப் பார்த்திருந்தாள். கறுப்பி ஒன்றும் அறியாமல் அவள் பக்கம் காதைத் திருப்பியது. மருத்துவர் அதன் கழுத்தில் நரம்பைத் தேடினார்.

"நிறுத்துங்க டாக்டர். திரும்ப ஒருதரம் அளந்துடுறேன்."

"என்னாச்சும்மா?"

பெரியம்மா நாடாவை உதறிப் பிரித்தாள். சித்திதான் சொன்னாள்: "மூச்சை இழுத்துப் பிடிச்சிருக்கும். அதான் நெஞ்சு பெருத்துக் காட்டிருச்சு. இல்லக்கா?"

நாடாவுக்கும் கறுப்பியின் தோலுக்கும் நடுவே நாலு விரல் நுழையும் இடைவெளி இருந்ததைச் சித்தி எதிரில் நின்று பார்த்திருந்தாள். பார்த்தது பெரியம்மாவுக்கும் தெரியும்.

இரண்டாம் முறை இறுக்கிப் பிடித்து முந்நூற்றுப் பத்து என்றாள். பெரியப்பா தொடையில் தட்டிக்கொண்டு, "பார்த்தியா, நான் சொல்லல?" என்றார். மருத்துவர் மருந்தைக் குறைத்துக்கொண்டு ஊசி போட்டார்.

சாயங்காலம் கறுப்பி தீவனத் தொட்டியில் வாய் வைத்தது. சித்தி ஆவி பறக்க டீ கொண்டுவந்து நீட்டினாள்.

"ஆறிப்போச்சு" என்றாள் பெரியம்மா, தொட்டுக்கூடப் பார்க்காமல்.