அப்பென்செலில் கை தூக்கும் ஞாயிறு

1988 ஏப்ரல் கடைசி ஞாயிறு, காலை ஏழரைக்கு நானும் என் அறைத்தோழர் சிவம் அண்ணையும் ஷ்லீரனில் ரயில் ஏறினோம். சூரிச்சில் ஒரு மாற்றம், கொசாவில் இன்னொன்று. அங்கிருந்து குட்டிச் சிவப்பு ரயில். போகவர ஆளுக்கு முப்பத்தெட்டு பிராங்க். "எலெக்சன் பாக்க இவ்வளவு காசோ?" என்று அண்ணை சூரிச் வரை முணுமுணுத்தார். எனக்கோ இருப்புக்கொள்ளவில்லை.

விஷயம் இதுதான். அப்பென்செல் மாநிலத்தின் தலைவர் இம்முறை மறுபடி நிற்கவில்லை. காலியான கதிரைக்கு இருவர் போட்டி. அதில் ஒருவர், எங்கள் கன்டீன் சமையலறையில் என்னோடு வேலை செய்து, போன வருடம் ஊர் திரும்பிய ரோசாவின் தம்பி. வென்றால் அடுத்த வருடமே பெண்களுக்கு வாக்குரிமை கேட்பேன் என்று அவர் பகிரங்கமாகச் சொல்லிவிட்டார். அவரைத் தெரிவு செய்யப்போவதோ ஆண்கள் மட்டும். அங்கே மாநிலத் தேர்தலில் அன்றைக்கும் பெண்களுக்கு வாக்கு இல்லை. முதலில் நானும் நம்பவில்லை.

பத்தேகாலுக்கு இறங்கினோம். புல்வெளியெல்லாம் மஞ்சள் பூ, மலையுச்சியில் இன்னும் பனி. நிலையத்தில் ரோசா தம்பியை நினைத்து முகம் வெளிறி நின்றார்.

பன்னிரண்டு மணிக்கு ஊர்வலம் வந்தது. கை தூக்கி வாக்களிக்கும் சதுக்கத்தைச் சுற்றிக் கயிறு. உள்ளே வாளோடு ஆண்கள். அந்த வாள்தான் வாக்காளர் அட்டை! எங்கள் ஊரில் வாளோடு வாக்குச்சாவடிக்குப் போனால் என்ன நடக்கும் என்று யோசித்துச் சிரித்தோம்.

கயிற்றுக்கு வெளியே எங்களோடு நின்ற ரோசா டொச்சில், அதாவது ஜெர்மன் மொழியில், கேட்டதை என் தமிழில் தருகிறேன்.

"உங்கட அம்மா வோட்டுப் போடுறவவோ?"

"ஓம். அவா பிறந்த காலத்திலயே எங்கட நாட்டில பொம்பிளையளுக்கு வோட்டு இருந்தது."

என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பக்கத்துப் பெண்களிடம் அதைச் சொன்னார். ஐந்தாறு தலைகள் திரும்பின. அகதியாக வந்த எனக்கு அன்றைக்குத்தான் நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது.

முதலில் மற்றவருடைய பெயருக்குக் கைகள் எழுந்தன. பிறகு தம்பிக்கு. எண்ணுவதில்லை; மேடையில் நிற்பவர் கண்ணால் அளந்து சொல்ல வேண்டும். அவர் தலையாட்டினார்: தெரியவில்லை, மறுபடியும். இரண்டாம் தரமும் தெரியவில்லை. மூன்றாம் தரம் தம்பியின் பெயர் வந்ததும் சிவம் அண்ணை தன்னை மறந்து கையைத் தூக்கிவிட்டார்! ரோசா பாய்ந்து அதைக் கீழே இழுத்தார்.

"தூக்காதேங்கோ! கள்ள வோட்டெண்டு எல்லாத்தையும் குழப்பிப்போடுவினம்!"

"பொலிஸ் பாத்தவங்களோ?" என்று அண்ணை என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தார்.

மேடையில் தம்பி வென்றதாக அறிவித்தார்கள். நாங்கள் மூவரும் கட்டிப்பிடித்துத் துள்ளினோம்.

ஐந்து மணி ரயிலுக்கு ரோசா வழியனுப்ப வந்தார். ரயில் அசையத் தொடங்கியபோது வலது கையை நேரே உயர்த்தினார். உயர்த்திய கையை ஆட்டவேயில்லை.

"டாட்டா காட்ட மாட்டீங்களோ?" என்று யன்னலால் கத்தினேன்.

"எங்களுக்கும் வோட்டு வந்து, மூண்டு தரம் தூக்க வேண்டி வந்தால் கை நோகக்கூடாது. இப்பவே பழகிறன்!"